தாத்தாவின் ரிவால்வர், நம் லைசென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்து ஆட்கள் பழைய ரிவால்வரைப் பற்றிக் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். சுடுகளத்திலும் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெளியே வந்து நிற்கும்போதும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிடுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய ரிவால்வரைச் சுடுவதில் இருக்கிற சுகம் புது பிளாஸ்டிக் பிஸ்டலில் கிடையாது. ஆனால் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் போக எல்லாப் பழைய துப்பாக்கியும் லாயக்கில்லை. எது சுடுகளத்துக்கு, எது இடுப்புக்கு என்று பிரிப்பதைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

தாத்தா தவறிவிட்டார். பீரோவுக்குள் அவருடைய பழைய வெப்ளி ரிவால்வர் இருக்கிறது. நான் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது பீரோவுக்குள்ளேயே கிடக்கக்கூடாது. லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது. வீடு, நகை மாதிரி அது வாரிசுக்கு இறங்கி வராது. தாத்தா போனதும் அவருடைய சொத்தை நிர்வகிக்கிற எக்சிகியூட்டர் யாரோ, அவர்தான் துப்பாக்கிக்குப் பொறுப்பு. வழக்கமாக அதை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ, துப்பாக்கி பழுதுபார்க்கிற கன்ஸ்மித்திடமோ ஒப்படைத்து ரசீது வாங்கி வைப்பார்கள். உங்கள் பெயரில் லைசென்ஸ் வந்த பிறகுதான் அது உங்கள் கைக்கு வரும்.

கண்டெடுத்த அன்றே அதைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் பகுதி போலீஸ் நிலையத்தில் துப்பாக்கி விவகாரங்களுக்கென்றே ஓர் அதிகாரி இருப்பார், டிஎஃப்ஓ என்பார்கள். முதலில் அவருக்குப் போன் செய்து, யார் எப்படி எடுத்து வரவேண்டும் என்று கேளுங்கள். லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருந்தால் அது குற்றம். "தாத்தாவுடையது சார்" என்று ரோடு பிளாக்கில் சொன்னால் எடுபடாது.

லைசென்ஸ் எடுக்க என்ன செய்யவேண்டும்?

இப்போது நடப்பில் இருப்பது 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2004 ஜூலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி வயது 21 ஆகியிருக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு தேர்வும் கைத்துப்பாக்கியைக் கையாளும் தேர்வும் எழுதிச் சுட்டுத் தேறவேண்டும். அந்தச் சான்றிதழோடு போலீசில் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பம், அதற்கு 517ஆம் எண் படிவம். அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி லைசென்ஸ் விண்ணப்பம், அது 271ஆம் எண் படிவம். ஏன் வேண்டும் என்று ஒரு காரணக் கடிதமும் எழுதவேண்டும். வீட்டில் எஸ்ஏபிஎஸ் (நாட்டின் தர நிர்ணய அமைப்பு) தரமுள்ள இரும்புப் பெட்டி சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டுப் பொருத்தியிருக்கவேண்டும். அதை அதிகாரி வந்து பார்ப்பார்.

காரணக் கடிதத்தை யாரோ எழுதியதைப் பார்த்து அப்படியே இறக்கிவைக்கிறார்கள். அது நிராகரிப்பில்தான் போய் முடியும். நீங்கள் எத்தனை மணிக்குக் கடை பூட்டுகிறீர்கள், பணத்தை எந்த வழியாக எடுத்துப் போகிறீர்கள், எந்தச் சங்கத்தில் சுடுகிறீர்கள் என்று உங்கள் கதையையே எழுதுங்கள்.

எந்தப் பிரிவில் கேட்பது? 13ஆ, 15ஆ?

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 13ஆம் பிரிவு தற்காப்புக்கு. அதில் ஒருவருக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான், லைசென்ஸ் 5 ஆண்டு. 15ஆம் பிரிவு எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் விளையாட்டாகச் சுடுகிறவர்களுக்கும், 10 ஆண்டு. 13, 15 இரண்டும் சேர்ந்து மொத்தம் 4 துப்பாக்கிகளுக்கு மேல் போகக்கூடாது. 15இல் கைத்துப்பாக்கி ஒன்றுதான் வைக்கலாம். 16ஆம் பிரிவு சங்கத்தில் சேர்ந்து தொடர்ந்து சுடுகிறவர்களுக்கு, அதாவது 'டெடிகேட்டட்' தகுதி பெற்றவர்களுக்கு. சேகரிப்பாளருக்கு 17.

தாத்தாவின் வெப்ளியை 13இல் கேட்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு தற்காப்பு இடம். அதை நூறு வயதை நெருங்குகிற ஒரு துப்பாக்கிக்குக் கொடுத்துவிட்டால், நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது இடம் இருக்காது. வெப்ளிக்கு 15தான் பொருத்தம். உங்களிடம் ஏற்கெனவே 15இல் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால், நாட்ஷூட் மாதிரியான அங்கீகாரமுள்ள சங்கத்தில் சேர்ந்து 16க்குப் போங்கள்.

வாங்குவது என்றால் எந்தப் பழைய ரிவால்வர் நல்லது?

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் .38 ஸ்பெஷல் தோட்டா போடுகிற ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. இந்த வம்சம் 1899இல் தொடங்கியது. அப்போது பெயர் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்'. 1957இல்தான் மாடல்களுக்கு எண் போட்டபோது 10 என்று ஆனது. அதிர்ச்சி குறைவு, உதிரி பாகம் கிடைக்கும், எந்தக் கன்ஸ்மித்துக்கும் அதன் உள்விவரம் தெரியும். அழகு என்று பார்த்தால் 1955இல் வந்த கோல்ட் பைத்தான் பக்கத்தில் இது நிற்காது, உண்மைதான். ஆனால் பழைய கோல்ட்டின் உள்வேலை நுணுக்கமானது. தோட்டா போடுகிற உருளை, அதாவது சிலிண்டர், சுற்றும் நேரம் கொஞ்சம் பிசகினால் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் அபூர்வம்.

.357 மேக்னம் வேண்டுமென்றால், அதே 1955இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 கைக்கு அடக்கமானது. அதில் ஒரு பலவீனம் உண்டு. குழலின் பின்முனை சிலிண்டரைச் சந்திக்கும் இடத்தில், அடிப்பக்கம் உலோகம் கொஞ்சம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) குண்டு உள்ள வேகமான மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்டால் அங்கே விரிசல் விழும். அதில் .38 ஸ்பெஷலை நிம்மதியாகச் சுட்டுக்கொண்டு, மேக்னத்தை எப்போதாவது தொட்டுக்கொள்ளுங்கள்.

டாரஸ், ரோஸ்ஸி, அஸ்த்ரா, ஆர்மினியஸ் என்று நம் நாட்டுப் பழைய கடைகளில் நிறையக் கிடக்கும். மலிவாகக் கிடைக்கும். ஒன்று பிரமாதமாக இருக்கும், அதே பெயரில் அடுத்தது தகரம். பெயரைப் பார்த்து வாங்காமல் கையிலிருக்கிற துப்பாக்கியைப் பார்த்து வாங்கவேண்டியவை இவை.

கையிலிருக்கிற துப்பாக்கியை எப்படிப் பார்ப்பது?

முதலில் சிலிண்டரைத் திறந்து காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டாரே என்று விடவேண்டாம். சுத்தியை, அதாவது தோட்டாவை அடிக்கிற ஹாமரை, காலி அறையில் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளையில்) விழவிட்டுப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தியைக் கட்டைவிரலால் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சிலிண்டர் சுற்றி வந்து 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். சுத்தி முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்கு முன்பே அந்தப் பூட்டு விழவேண்டும். சுத்தி நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் ஊசலாடினால் நேரம் பிசகியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிச் சுட்டால் குண்டு குழலின் நடுவில் நுழையாமல் விளிம்பில் உரசும், ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும். ஆறு அறைகளுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவதில் பிசகுகிற துப்பாக்கி நிறைய உண்டு.

அடுத்தது, சுத்தி பின்னால் நிற்கும்போது விசையைத் தொடாமல் கட்டைவிரலால் சுத்தியை முன்னுக்குத் தள்ளுங்கள். அது விழுந்தால் வாங்காதீர்கள், பேரமும் பேசாதீர்கள். பிறகு விசையை அழுத்திப் பிடித்தபடி சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். முன்பின் ஆட்டம் கிட்டத்தட்ட இருக்கக்கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை என்றால் பரவாயில்லை. குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தால், எப்போதோ ஒரு குண்டு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்போது அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள். குழல் அந்த இடத்தில் உப்பியிருக்கும்.

கடைசியாக, தொடர் எண். காகிதத்தில் உள்ளதும் இரும்பில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். எண் சுரண்டப்பட்டிருந்தால் அதைக் கையிலேயே எடுக்காதீர்கள். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, மேற்பூச்சு மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி மினுங்கினால் அது பாலிஷ் போட்டு மறுபடி நீலப்பூச்சு ஏற்றியது. சுடுவதற்கு அது தடையில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

குழலில் .38 என்றுதான் போட்டிருக்கிறது. எந்த .38 தோட்டா வாங்குவது?

நம் நாட்டில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம், ஏனென்றால் இங்கே பிரிட்டிஷ் காலத்துச் சரக்கு அதிகம். .38 என்ற பெயரில் குறைந்தது இரண்டு வேறு தோட்டாக்கள் சுற்றுகின்றன. ஒன்று .38 ஸ்பெஷல். மற்றது .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். இதையே பிரிட்டிஷ் ராணுவம் .38/200 என்றும் .380 என்றும் சொன்னது. வெப்ளி மார்க் 4, என்ஃபீல்டு நம்பர் 2, இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் காமன்வெல்த் படைகளுக்குச் செய்துகொடுத்த ரிவால்வர்கள் எல்லாம் இந்த இரண்டாவது தோட்டாவுக்கானவை. அந்தப் போர்க்கால ஸ்மித்துகளில் ஒரு பங்கு தென்னாப்பிரிக்காவுக்கும் வந்தது.

.38 ஸ்பெஷலின் கூடு, அதாவது மருந்தையும் குண்டையும் தாங்குகிற பித்தளைக் குப்பி, சுமார் 29 மில்லிமீட்டர் நீளம். மற்றதன் கூடு 20க்கும் கொஞ்சம் குறைவு, ஆனால் ஒரு நூல் பருமன். ஆகவே ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. போர் முடிந்தபின் இந்த ஸ்மித்துகள் பலவற்றின் அறைகளை நீளமாகக் குடைந்து, .38 ஸ்பெஷல் போடுகிற மாதிரி ஆக்கி விற்றார்கள். தோட்டா உள்ளே போகும், சுடவும் செய்யும். ஆனால் அறையின் பின்பாதி இன்னும் அகலமாகவே இருப்பதால் காலிக்கூடு வயிறு உப்பி வெளியே வரும், சிலசமயம் பக்கத்தில் வெடித்து வரும். சுட்டபின் கூடுகளை மேஜையில் நிறுத்திப் பாருங்கள். அடிப்பாகம் தொந்தி விழுந்திருந்தால் உங்களுடையது அந்த வகை. கன்ஸ்மித்திடம் அளக்கக் கொடுங்கள். லைசென்ஸில் எந்தக் காலிபர் (தோட்டா அளவு) எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள், அதற்குரிய தோட்டாவைத்தான் சட்டப்படி வாங்கவோ வைத்திருக்கவோ முடியும்.

1935இல் வந்த .357 மேக்னம் இன்னொரு கதை. .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைச் சுடலாம். எதிர்ப்பக்கம் கூடாது. .38ஐ நிறையச் சுட்டால் அறைக்குள் ஒரு கரிவளையம் படியும். அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் பிறகு மேக்னம் கூடு உள்ளே முழுதாக இறங்காது.

எத்தனை தோட்டா வைத்திருக்கலாம்?

லைசென்ஸ் உள்ள ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 200. டெடிகேட்டட் தகுதி இருந்தால் இந்த வரம்பு இல்லை. அங்கீகாரமுள்ள சுடுகளத்திலேயே வாங்கி அங்கேயே சுட்டு முடிப்பவை கணக்கில் சேராது.

வெப்ளியைச் சுடுவதில் அப்படி என்ன இருக்கிறது?

1915இல் பிரிட்டிஷ் படை எடுத்துக்கொண்ட மார்க் 6ஐக் கையில் வாங்கிப் பாருங்கள். சுமார் ஒரு கிலோ நூறு கிராம். .455 தோட்டா, 265 கிரெய்ன் குண்டு. பெரிதாக இருக்கிறதே, கையை உடைத்துவிடுமோ என்று பயந்து சுடுபவர்கள் முதல் வெடியில் சிரித்துவிடுவார்கள். குண்டு கனமானாலும் வேகம் குறைவு, துப்பாக்கியோ பாரம். அதனால் அது உதைப்பதில்லை, நிதானமாகக் கையைத் தள்ளும்.

ஆறும் தீர்ந்ததும் சுத்திக்குப் பக்கத்தில் இடதுபுறம் இருக்கிற நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால், துப்பாக்கி இடுப்பில் மடிந்து குழல் கீழே சாயும். சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவ எறிவான் எழும்பி ஆறு கூடுகளையும் ஒன்றாக மேலே தூக்கும். இன்னும் கொஞ்சம் மடித்தால் எறிவான் 'டப்' என்று உள்ளே விழுந்துவிடும், கூடுகள் உங்கள் காலடியில் கிடக்கும். இதற்காகவே மறுபடி ஆறு போடுவார்கள். எறிவான் விழும்போது ஒரு கூடு அதன் அடியில் மாட்டிக்கொள்ளலாம். குழலைச் செங்குத்தாகப் பிடிக்காமல் துப்பாக்கியைக் கொஞ்சம் சாய்த்து, பிசிறில்லாமல் ஒரே மூச்சில் மடித்தால் அது நடக்காது.

.455 தோட்டா எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை அதிகம். பழைய கூட்டில் மறுபடி மருந்து நிரப்புகிறவர்கள்தான் நிம்மதியாகச் சுடுகிறார்கள். சில வெப்ளிகளின் சிலிண்டரைப் பின்னால் சீவி .45 ஏசிபி தோட்டா போடும்படி செய்திருப்பார்கள். கடையில் விற்கும் சாதாரண .45 ஏசிபியின் அழுத்தம் அந்த இரும்புக்கு அதிகம். போடாதீர்கள்.

பழைய ரிவால்வரைத் தற்காப்புக்கு இடுப்பில் வைத்துக்கொள்ளலாமா?

சிலவற்றை. 1945க்குப் பிறகு செய்த, நல்ல நிலையில் உள்ள .38 ஸ்பெஷல் ரிவால்வர் இன்றைக்கும் நம்பகமானது. 1945ஐ ஏன் கோடாகப் போடுகிறேன் என்றால், போரின்போது ஒரு கப்பல் தளத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்று கீழே விழுந்து வெடித்து ஒரு மாலுமி செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனி, விசையை அழுத்தினால் மட்டும் விலகுகிற புதுத் தடுப்பைச் சுத்திக்கு முன்னால் வைத்தது. அதற்கு முந்தியவற்றிலும் பழைய வெப்ளிகளிலும் கீழே விழுந்தால் வெடிக்காது என்ற உறுதி கிடையாது. 1873இன் கோல்ட் மாதிரி, ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கையால் இழுத்துச் சுடுகிற ஒற்றை இழுப்பு ரிவால்வர் என்றால் சுத்தியின் கீழ் அறை காலியாகவே இருக்கவேண்டும். ரூகர் 1973இல்தான் அந்த வகைக்கு ஒரு தீர்வு கொண்டுவந்தது.

1950இல் வந்த ஐந்து தோட்டா 'சீஃப்ஸ் ஸ்பெஷல்', பின்னாளில் மாடல் 36, இடுப்பில் இருப்பதே தெரியாது, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் எடை. ஆனால் குட்டைக் குழலில் குறி தவறுவது சுலபம். கடைக்காரர்கள் முதல் துப்பாக்கியாக இதைத்தான் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது கைதேர்ந்தவர்களுக்கான துப்பாக்கி.

சட்டம் சொல்வது இது: பொது இடத்தில் இடுப்பில் வைத்துப் போகிற கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையில், உடம்போடு சேர்ந்து, முழுதும் மறைந்து, உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். பீச் பக்கம் காற்றடித்துச் சட்டை பறக்கிற ஊர் இது. சட்டையை வெளியே விட்டால் போதும் என்று இருக்காதீர்கள், நீளமாகவும் கொஞ்சம் கனமாகவும் உள்ள துணி போடுங்கள். குடித்திருந்தால் துப்பாக்கியைத் தொடவே கூடாது, அது தனிக் குற்றம்.

ஆறு தோட்டா போதுமா அண்ணா? தம்பி 15 போடுகிற பிஸ்டல் வைத்திருக்கிறான்.

தம்பி மாசம் ஒருமுறையாவது சுடுகிறானா என்று கேளுங்கள். சுடுகிறான் என்றால் அவன் பிஸ்டல் மேல், அதில் வாதமே இல்லை. பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதென்றால், அழுத்தினால் சுடும் என்ற எளிமை உள்ள ரிவால்வர் அவனுக்கும் நல்லது.

விசை ரொம்பக் கனமாக இருக்கிறதே?

சுத்தியை இழுத்து வைத்துச் சுட்டால் ஒன்றரைக் கிலோ அளவு அழுத்தம் போதும். விசையாலேயே சுத்தியை எழுப்பிச் சுட்டால் நான்கரை, ஐந்து கிலோ. சுடுகளத்தில் எல்லோரும் சுத்தியை இழுத்து வைத்து, அட்டையில் அழகாக ஒரே ஓட்டை போட்டு, போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆபத்து வரும்போது அப்படி யாரும் சுடப்போவதில்லை. கன இழுப்பைத்தான் பழகவேண்டும். இதமான 148 கிரெய்ன் வாட்கட்டர் (தட்டை முனை) தோட்டாவில், ஐந்து மீட்டரில் தொடங்குங்கள். விசையை நடுவில் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் பின்னுக்குக் கொண்டுவாருங்கள். கண் முன்குறியில் இருக்கட்டும்.

ரிவால்வருக்கே உரிய ஒரு பயிற்சி இருக்கிறது. நண்பரிடம் கொடுத்து மூன்று நல்ல தோட்டாவும் மூன்று காலிக்கூடும் கலந்து போடச் சொல்லுங்கள். எது எங்கே என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. இலக்கைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சுடுங்கள். காலிக்கூட்டில் சுத்தி விழும்போது குழல் முனை கீழே குத்தினால், வெடிக்கு முன்பே உங்கள் கை பயந்து தள்ளுகிறது என்று கண்கூடாகத் தெரிந்துவிடும். பத்து வருடமாகச் சுடுகிறேன் என்பவர்களின் குழலும் குத்தும், பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

வீட்டில் காலித் துப்பாக்கியோடு பழகுவதென்றால் போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பழகுகிற வீட்டு அறையிலேயே உண்மைத் தோட்டா இருக்கக்கூடாது.

சுடும்போது 'டப்' என்று சத்தம் சோப்ளாங்கியாக வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலில் நின்றிருக்கலாம். சுத்தி விழுந்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கு நோக்கியே அரை நிமிடம் பிடித்திருங்கள். விரலைச் சிலிண்டருக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள், அந்த இடைவெளியில் வரும் புகை தோலைக் கிழிக்கும்.

டர்பன் வெக்கையில் துருப்பிடிக்கிறது. தேங்காயெண்ணெய் தடவலாமா?

வேண்டாம். அது நாளாக நாளாகப் பிசினாகி, உள்வேலையை ஒட்டவைத்துவிடும். ஜூலைக் குளிரில் உறையவும் செய்யும். தலைக்குத் தடவுங்கள், விளக்குக்கு ஊற்றுங்கள். துப்பாக்கிக்கு அதற்கென்ற எண்ணெய், அதுவும் துணியில் தொட்டு மெல்லிய படலம்.

தோல் உறையில் போட்டு இரும்புப் பெட்டியில் வைப்பதுதான் இங்கே அதிகம் பார்க்கிற கெடுதல். தோல் பதனிட்ட ரசாயனமும் கடல் ஈரமும் சேர்ந்து நீலப்பூச்சைத் தின்றுவிடும். உறையை வெளியே தொங்கவிடுங்கள், துப்பாக்கி மட்டும் உள்ளே. பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை ஒன்று போடுங்கள். இடுப்பில் வைத்திருந்த நாளில் வியர்வைப் பக்கத்தைத் துடைத்துவிட்டுத்தான் படுக்கவேண்டும். நிக்கல் பூச்சு என்றால் குழலில் படிந்த செம்பை எடுக்கிற அமோனியா கலந்த திரவம் ஆகாது, பூச்சு உரிந்து வரும். பழைய ராணுவத் தோட்டா சுட்டிருந்தால் அதன் உப்பு குழலில் தங்கும். எண்ணெய் அதை எடுக்காது. சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவிக் காயவைத்து, பிறகுதான் எண்ணெய்.

ஆயுத பூஜைக்குச் சாமி முன் வைக்கலாமா? மாமியார் கேட்கிறார்.

காலி செய்து, நீங்கள் பக்கத்திலேயே இருந்து, பூஜை முடிந்ததும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் சட்டம் தடுக்காது. ஆனால் அன்று வீட்டில் பத்துக் குழந்தைகள் ஓடும், பக்கத்து வீட்டார் வருவார்கள், உங்களிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரு முழுக்கத் தெரியும். இந்த ஊரில் திருடர்கள் முதலில் தேடுவதே துப்பாக்கியைத்தான். துடைக்கிற கம்பிக்கும் துணிக்கும் குங்குமம் வையுங்கள், மாமியாருக்கும் திருப்தி.

தீபாவளிக்கு வானத்தைப் பார்த்து ஒன்று?

கூடாது. குடியிருப்புப் பகுதியில் சுடுவதே குற்றம். மேலே போனது யார் தலையிலாவது இறங்கும்.

மனைவியோ மகனோ என் ரிவால்வரைச் சுடலாமா?

நீங்கள் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தால் சுடுகளத்தில் சுடலாம். நீங்கள் இல்லாதபோது பெட்டிச் சாவி அவர்கள் கைக்குப் போகக்கூடாது. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு மாட்டுங்கள். ஈயக் குண்டு சுட்டபின் கை கழுவாமல் சாப்பிடக்கூடாது.

எப்போது ஒருவரைச் சுடலாம்?

உயிருக்கு ஆபத்து அந்தக் கணத்தில் வந்துகொண்டிருக்கவேண்டும், அது சட்டவிரோதத் தாக்குதலாக இருக்கவேண்டும், வேறு வழி இருக்கக்கூடாது, தாக்குகிறவனுக்கு எதிராக மட்டும், தேவையான அளவுக்கு மட்டும். ஓடுகிறவனைப் பின்னாலிருந்து சுட்டால் அது தற்காப்பு ஆகாது. 2021 ஜூலைக் கலவரத்தில் பீனிக்ஸில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். தெருவைக் காக்க நின்றோம் என்று சொன்னவர்களில் சிலர் கொலை வழக்கில் கூண்டேறினார்கள். கடையில் போன டிவியை இன்சூரன்ஸ் கொடுக்கும்.

சம்பவம் நடந்துவிட்டால் போலீசையும் ஆம்புலன்சையும் கூப்பிடுங்கள், பிறகு வக்கீலை. வாட்ஸாப்பில் ஒரு வரிகூடப் போடாதீர்கள்.

ரிவால்வர் இல்லாமல் பழைய பிஸ்டல்கள்?

1935இன் பிரவுனிங் ஹை-பவர், கோல்ட் 1911, வால்தர் பிபிகே எல்லாம் சுட அருமையானவை. நம் ஊருக்கே உரியது இசட்88. 1977இல் ஐ.நா. ஆயுதத் தடை வந்தபின் வெளியிலிருந்து வாங்க முடியாமல், பெரேட்டா 92ஐப் பார்த்து லிட்டெல்டன் ஆலையில் செய்தது. போலீசார் இடுப்பில் இன்றும் பார்க்கலாம். பழைய பிஸ்டலில் முதலில் சோர்ந்துபோவது தோட்டா அடுக்குகிற மேகசினின் ஸ்பிரிங்தான், வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். உருண்டை முனைத் தோட்டாவுக்காகச் செய்தவை குழிமுனைத் தோட்டாவை விழுங்காமல் அடைத்துக்கொள்ளும். தற்காப்புக்கு என்றால் உங்கள் தோட்டா அதில் தடையில்லாமல் ஓடுகிறதா என்று சுட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள்.

துப்பாக்கி திருடு போய்விட்டால்?

தெரிந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லவேண்டும். தொடர் எண்ணைத் துப்பாக்கியோடு அதே பெட்டிக்குள் எழுதி வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

லைசென்ஸ் முடிந்து இரண்டு மாசம் ஆகிவிட்டது. இப்போது புதுப்பிக்கலாமா?

முடிகிற தேதிக்குக் குறைந்தது 90 நாள் முன்பே விண்ணப்பம் போயிருக்கவேண்டும். தேதி தாண்டியபின் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. இந்த விதி செல்லும் என்று 2018 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2019 டிசம்பரிலும் 2020 ஆகஸ்டிலும் பொது மன்னிப்புக் காலம் திறந்தபோது பலர் ஒப்படைத்து மறுபடி விண்ணப்பித்தார்கள். அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்து பீரோவில் ஒளித்துவைக்க வேண்டாம். துப்பாக்கி வழக்கு தெரிந்த வக்கீலை இந்த வாரமே பாருங்கள், அவர் மூலமாகவே டிஎஃப்ஓவிடம் போங்கள். மற்றவர்கள் இப்போதே கார்டை எடுத்துத் தேதியைப் பார்த்து, அதற்கு ஐந்து மாசம் முன்னால் போனில் ஒரு அலாரம் வையுங்கள். புகைப்படம், கைரேகை, நகல் என்று ஸ்டேஷனுக்கு நடக்க அந்த ஐந்து மாசம் சரியாக இருக்கும்.